டிரம்பெட்காரியின் முதல் கேசட்

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். தன் முதல் கேசட்டின் அட்டையிலேயே தன் பெயரை மற்றவர்கள் பெயரைவிடச் சின்னதாகப் போடச் சொல்லி மல்லுக்கட்டியவள். கேசட்டை வெளியிட்ட சென் பாபு தலையில் அடித்துக்கொண்டார். "ஆரே பாபா, பேண்டுக்குத் தலைவி நீ. உன் பேரைத் தேட ஜனங்க பூதக்கண்ணாடி வாங்கணுமா?" என்று கேட்டார். கடைசியில் எல்லார் பெயரும் ஒரே அளவில் வந்தன. அதற்கு அவளைச் சம்மதிக்க வைக்க எனக்குத் தொண்டை வறண்டுபோயிற்று.

நான் அந்த பேண்டில் டபுள் பேஸ் வாசித்தவன். நின்றால் என்னைவிட உயரமான தந்தி வாத்தியம் அது. பகலில் கல்கத்தாவின் பாலிகஞ்ச்சில் வங்கி அதிகாரி. இரண்டு வேலையும் எனக்கு ஒன்றுதான். கணக்கு சரியாக இருக்கவேண்டும். ஜாஸில் மற்றவர்கள் இஷ்டத்துக்குப் பறப்பார்கள். பாட்டு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று தரையில் நின்று காட்டிக்கொண்டே இருக்கவேண்டியது பேஸ்காரனின் தலையெழுத்து. ஆகவே யாராவது இடம் தவறினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் எப்பேர்ப்பட்ட முசுடு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அவளைப் பார்த்து நான் ஏன் வாயடைத்துப்போனேன் என்பது புரியும்.

லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"டேய் ரகு, நீயும் என்னமோ ஆள் ஒசரத்துக்கு வயலின் வாசிக்கறயே, எங்காத்துப் பொண்ணுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லேண்டா. ஊர்ல பொண்கொழந்தைகள்ளாம் பாட்டுக் கத்துக்கறது, வீணை கத்துக்கறது. இவ ஊதறா. பக்கத்தாத்து கோஷ் பாபு ஆம்படையா வந்து கேக்கறா, உங்காத்துல தினம் கல்யாணமான்னு."

புத்தி சொல்லப் போனேன். உள்ளறையில் அவள் இரும்பு பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடித்து அடுக்கிய பட்டுப்புடவைகளுக்கு நடுவில் டிரம்பெட்டின் வாயை நுழைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். சத்தம் போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் வந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, ரொம்ப முக்கியமான விஷயம்போலச் சொன்னாள்: "பட்டு நன்னா சத்தத்தைக் குடிக்கறது அண்ணா. காட்டன் அவ்வளவா இல்லை."

பள்ளிக்கூடத்து அணிவகுப்பு பேண்டில் யாரும் சீந்தாமல் கிடந்த டிரம்பெட் அது. கன்னம் உப்பிப் போய்விடும் என்று மற்றப் பெண்கள் பயந்தார்களாம். அப்போது அவளுக்குப் பதினேழு, பதினெட்டு இருக்கும். நான் அவளுக்குச் சொன்ன புத்தி, பீரோவிலிருந்து தலையை எடுத்துக்கொண்டு கீழே என் வீட்டுக்கு வந்து என்னோடு வாசி என்பதுதான். அவள் அம்மா அதற்கப்புறம் என்னோடு ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை.

முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். பல்லவியை நான் ஆரம்பித்த வேகம் கொஞ்சம் கூடுதல். கைவிரல்கள் அன்று சொன்னபேச்சு கேட்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் நிறுத்தி, "மெதுவா" என்றிருப்பார்கள். இவள் நான் ஓடிய வேகத்துக்கே கூட ஓடி வந்தாள். நான் தடுமாறித் தணிந்தபோது தானும் தணிந்தாள். அவளுக்கு வேகம் பிடிபடவில்லை என்று நினைத்துத் தாளத்தைப் பற்றி நான் கால்மணி நேரம் உபதேசம் செய்தேன். தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அவளுடைய சுபாவம் எனக்குப் புரிந்தது எங்கள் பாடாவின் சரஸ்வதி பூஜையில். பாடா என்றால் எங்கள் தெருவும் அக்கம்பக்கமும். பூஜைக்கு மறுநாள் சாயங்காலம் பந்தலில் ஆளாளுக்கு ஒரு பாட்டு, ஒரு கவிதை. ஹோமியோபதி டாக்டர் பௌமிக் வருஷா வருஷம் பாடுவார். அவர் பாட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி ஒரு படி மேலே ஏறிவிடும். ஏறுவது அவருக்குத் தெரியாது. அந்த வருஷம் ஹார்மோனியக்காரர் முதல் ஏற்றத்திலேயே கையை எடுத்துவிட்டார். தபலாக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். முன்வரிசையில் பொடிசுகள் சிரிக்க ஆரம்பித்தன. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்.

அவள் மேடை ஓரத்தில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். டிரம்பெட்டை எடுத்து, டாக்டர் எந்தச் சுருதியில் இருந்தாரோ அதில் மெல்லச் சேர்ந்துகொண்டாள். அடுத்த சரணத்தில் அவர் ஏறினார்; கூடவே ஏறினாள். அடுத்ததற்கும் ஏறினாள். அது மட்டுமில்லை, ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்னாலும் அதற்கு வழி வைப்பதுபோலச் சின்னதாக ஓர் இழை போட்டாள். டாக்டர் எப்போது ஏறுவார் என்று டாக்டருக்கே தெரியாது. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பாட்டு முடிந்தபோது பந்தல் முழுக்க கைதட்டல். "தாருண், தாருண்!" என்று வங்காளியில் பாராட்டிக்கொண்டே கிழவர்கள் எழுந்து நின்றார்கள். ஒத்திகை பார்த்துச் சேர்ந்து செய்த ஏற்பாடு என்றே எல்லாரும் நினைத்தார்கள். பௌமிக் டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். சாகும்வரை அவள் ஜலதோஷத்துக்கு இனாமாக மருந்து கொடுத்தார்.

வீடு திரும்பும்போது கேட்டேன். "அவர் பண்ணினது தப்பு. நீ ஏன் அவர்கூடப் போனே?"

"அவர் தனியா நின்னுண்டிருந்தாரே அண்ணா."

அவ்வளவுதான் பதில். அவள் பேசுவது எப்போதும் அவ்வளவுதான்.

இன்னொரு தரம் பாலிகஞ்ச் ஸ்டேஷனில். அப்போது எங்கள் பேண்டில் டிரம்ஸ் வாசிக்க ஷமீம் வந்துவிட்டான். கிடர்பூர்ப் பையன். கப்பல்களுக்குக் கயிறும் பெயிண்டும் சப்ளை செய்யும் குடும்பம். அவர்கள் கோடவுனுக்கு மாடியில்தான் எங்கள் ஒத்திகை. ஜன்னலைத் திறந்தால் தார் வாசனை, மூடினால் பெயிண்ட் வாசனை. அங்கே போக பாலிகஞ்ச்சில் பட்ஜ் பட்ஜ் வண்டி பிடித்து மாஜேர்ஹாட்டில் இறங்கவேண்டும். அன்று நான் டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு மீன்கூடைகளுக்கு நடுவில் முண்டியடித்து ஏறிவிட்டேன். வண்டி நகர்ந்த பிறகு பார்த்தால் என் பக்கத்தில் அவள், மூச்சிரைக்க. ஓடி வந்து ஏறியிருக்கிறாள்.

"நேரத்துக்கு வந்துட்டியே" என்று பாராட்டினேன்.

"ஆமாண்ணா" என்றாள்.

டாக்கூரியா வந்தது. ஜாதவ்பூர் வந்தது. அது பட்ஜ் பட்ஜ் வண்டி இல்லை, வேறு திசையில் கேனிங் ஊருக்குப் போகிற வண்டி என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கு பிளாட்பாரத்திலேயே தெரியும்.

"ஏண்டி, கீழேயிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

"கத்தினா எல்லாரும் உங்களைப் பாத்திருப்பா. அதான் நானும் ஏறிட்டேன்."

மீன்காரப் பெண்மணி ஒருத்தி எங்களுக்காகக் கூடையை நகர்த்தி இடம் கொடுத்தாள். திரும்புகிற வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில், ஜாதவ்பூர் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே முனகி அவள் ஒரு மெட்டு போட்டாள். மெதுவான மெட்டு. அதற்கு 'கேனிங் லோக்கல்' என்றே பெயர் வைத்தாள். எனக்கு அது அவமானமாக இருந்தது. மெட்டு என்னவோ கல்லையும் கரைக்கும்.

சென் பாபு எங்கள் ஊர்ச் சாந்தினி சௌக் பக்கம் சின்னதாகக் கேசட் கம்பெனி வைத்திருந்தார். பக்திப் பாட்டு, கவிதை வாசிப்பு, சிரிப்புத் துணுக்கு என்று போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதர். ஒரு கிளப்பில் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவள் வாசித்ததைக் கேட்டுவிட்டு அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. "உன் பேர், உன் பேண்ட், உன் மெட்டுகள். ஒரு கேசட். ஸ்டுடியோ ரெண்டு நாள் எடுத்துத் தரேன்" என்றார். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு, அதுவும் டிரம்பெட்டுக்கு, அதுவும் கல்கத்தாவில், அப்படி ஒரு கதவு இரண்டாம் தரம் திறக்காது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பியானோவுக்கு யார் என்று பேச்சு வந்தது. அவள் யோசிக்காமல் சொன்னாள்: "நோயல் அங்கிள்."

நோயல் ஆங்கிலோ இந்தியர். ரிப்பன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய வீட்டில் தங்கையோடு இருந்தார். பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல் ஒன்றில் வருஷக்கணக்காக வாசித்தவர். ஹோட்டல்காரர்கள் பியானோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாலு மேஜை போட்டார்கள். கை இன்னமும் வெண்ணெய்தான். ஆனால் மறதி வந்துவிட்டது. சொன்ன ஜோக்கையே கால்மணி நேரத்தில் மறுபடி சொல்வார். ஒரு நாள் ஷமீமைப் பார்த்து வேறு யாரோ பழைய டிரம்மரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பாட்டிலும் அது தெரிய ஆரம்பித்தது.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லவேண்டும். 'கேனிங் லோக்கல்' மாதிரியான பாட்டுக்கு அமைப்பு எளிமையானது. ஒரு பல்லவி, அதே பல்லவி இன்னொரு தரம், அப்புறம் வேறு நிறத்தில் ஒரு நடுப்பகுதி, பிறகு மறுபடி பல்லவி. இந்த வட்டத்தையே திரும்பத் திரும்பச் சுற்றி, அதன்மேல் ஆளாளுக்குக் கற்பனை செய்வோம். யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. நடந்து பழகிய வீடுபோல உடம்புக்கே தெரியும். ஒருவர் மட்டும் பல்லவியை ஒரே தரம் வாசித்துவிட்டு நடுப்பகுதிக்குள் நுழைந்தால் கதை கந்தல். நோயல் அப்படி நுழைய ஆரம்பித்திருந்தார். ஒத்திகையில் அவர் நுழைந்த மறுகணம் அவளும் நுழைந்துவிடுவாள், அவள் பின்னால் நாங்கள் ஓடுவோம். நோயல் சந்தோஷமாக வாசித்துக்கொண்டே போவார்.

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "இது ஒத்திகை இல்லை. கேசட். ஒரு தரம் பதிவானா பதிவானதுதான். உனக்கு இது ஒண்ணுதான் சான்ஸ். வேற பியானோக்காரனைப் போட்டுக்கோ."

"அவர் வழி தவறினாக்கூட நல்ல இடத்துக்குத்தான் அண்ணா போறார்."

"இதெல்லாம் கேக்க நன்னாத்தான் இருக்கும்."

அவள் சிரித்தாள். முடிவை மாற்றவில்லை.

டாலிகஞ்ச்சில் ஸ்டுடியோ. முதல் நாள் வேகமான பாட்டுகள் எல்லாம் கிடைத்துவிட்டன. 'கேனிங் லோக்கல்' மட்டும் நோயலால் மூன்று முறை பாதியில் நின்றது. சென் பாபு எங்களை வராந்தாவுக்கு அழைத்து வந்தார். மண்குவளைகளில் டீ வந்தது.

"தெரிஞ்ச பையன் ஒருத்தன் கீபோர்டு வாசிக்கிறான். நாளைக்குப் பத்து மணிக்கு வந்து உக்காரச் சொல்லியிருக்கேன். பெரியவர் காலையில ஒரு தரம் வாசிக்கட்டும். சரியா வந்தா சந்தோஷம். இல்லேன்னா பையன் வாசிப்பான். நானும் பணம் போட்டவன், தோஷம் சொல்லாதே" என்றார். நியாயமான பேச்சுதான். எனக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை கீபோர்டு பையன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நோயல் அவனுக்குக் கைகொடுத்து, "பாட்டு கேக்க வந்தியா? நல்ல இடத்துல உக்காரு" என்றார். பையன் நெளிந்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பல்லவியை வாசித்தாள். இரண்டாம் பல்லவி வரவேண்டிய இடத்தில் நோயல் நடுப்பகுதிக்குள் போனார். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சென் பாபுவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பென்சிலை உயர்த்திவிட்டார், தப்பு வந்தால் குறிக்க. அவள் நோயலோடு உள்ளே போய்விட்டாள். நாங்களும் போனோம். சரி, இது பழகிய வழி, சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

ஆனால் நடுப்பகுதி முடிந்து வெளியே வரவேண்டிய இடத்தில் நோயல் வெளியே வரவில்லை. மறுபடியும் நடுப்பகுதியின் ஆரம்பத்துக்கே போனார். அது முடிந்தது; மறுபடியும் ஆரம்பம். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கே தெரிந்துவிட்டது. கதவைத் திறந்தால் திரும்பவும் அதே அறை. நெற்றியில் வியர்வை. கை மட்டும் நிற்கவில்லை. நின்றால் எல்லாம் போய்விடும் என்று பயந்தவர்போல வாசித்துக்கொண்டிருந்தார். வில்லங்கமான மனிதன்தான் நான், ஆனாலும் ஒரு மனிதரை அந்த நிலையில் பார்க்க முடியவில்லை.

அவள் அப்போது ஒரு காரியம் செய்தாள். மைக்கை விட்டு நகர்ந்தாள். ரெக்கார்டிங்கில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். வாசித்துக்கொண்டே நடந்து பியானோவுக்குப் போய், அதன் வளைவில் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். வெளியே இழுக்க எதுவும் செய்யவில்லை. அவர் என்ன வாசித்தாரோ அதையே திருப்பி, மெல்ல, நல்லாயிருக்கே என்று சொல்வதுபோல வாசித்தாள். அந்த அறையிலேயே இன்னொரு சுற்று. இன்னும் ஒரு சுற்று. நோயலின் தோள் இறங்கியது. பிறகு அவள் பல்லவியின் முதல் மூன்று ஸ்வரங்களை மட்டும் காதோடு கேட்பதுபோல் ஊதினாள். அவர் பிடித்துக்கொள்ளவில்லை. அவளும் விட்டுவிட்டாள், வற்புறுத்தவில்லை. கூடவே இன்னொரு சுற்று போனாள். அந்தச் சுற்றில் அவள் வாசித்தது போல டிரம்பெட்டில் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. அத்தனை நாள் பீரோவுக்குள் வாசித்த பெண்ணுக்குத்தான் அந்த மென்மை வரும். முடிவில் அவள் எதுவும் காட்டாமலே நோயல் தானாகப் பல்லவிக்கு வந்து சேர்ந்தார். ஷமீம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசித்ததை நான் பார்த்தேன். நானும் யோக்கியன் இல்லை, எனக்கும் பார்வை கலங்கித்தான் இருந்தது.

விளக்கு அணைந்தது. நோயல் திரும்பி அவளைப் பார்த்தார். "சரியா இருந்ததா, கேர்ள்?"

"சரியா இருந்தது அங்கிள்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. சென் பாபு கைகளை விரித்தார். பாட்டு நினைத்ததைவிட இரண்டு மடங்கு நீளம். அமைப்பு தப்பு. தலைவியின் டிரம்பெட் பாதிப் பாட்டில் எங்கேயோ தூரத்தில் கேட்கிறது. "உன் கேசட்டிலேயே நீ காணாமல் போயிட்டே. ரகு பாபு, நீங்களாவது சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார்.

எனக்குப் பொய் சொல்ல வராது. "அமைப்பு தப்புதான்" என்றேன்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். கோபமில்லை. நிதானமாகச் சொன்னாள்: "இந்தப் பாட்டு இப்படியே இருக்கணும் சென் பாபு. இல்லேன்னா கேசட் வேண்டாம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். அத்தனை வருஷத்து ஆசை அந்தப் பெட்டிக்குள் போனதைப் பார்த்துக்கொண்டு நான் மரமாக நின்றேன். வெளியே நோயல் கீபோர்டு பையனுக்கு அந்தப் பழைய ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"தப்பு எங்கெங்கேன்னு காட்டறேன், நீயே கேளு" என்று சென் பாபு டேப்பைத் திரும்ப ஓடவிட்டார். பென்சிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நோயல் தவறி நுழைந்த இடம் வந்தது. அவர் பென்சில் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கிறேன் என்பதுபோல் இருந்தார். டிரம்பெட் மைக்கை விட்டு விலகி நடந்து போவது டேப்பில் அப்படியே கேட்டது, ஒருவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போவதுபோல. அங்கே நின்று யாரிடமோ பேசுவதுபோல. பாட்டு முடிந்தபோது பென்சில் அவர் காதுமேல் இருந்தது. எப்போது சொருகினார் என்று அவருக்கே தெரியாது.

"இதுதான் முதல் பாட்டு" என்றார். "டீக் ஆச்சே, சரி. அந்தக் கீபோர்டு பையனுக்கு டாக்சிக்குக் கொடுத்து அனுப்புங்க."

கேசட் வந்தது. லட்சக்கணக்கில் விற்கவில்லை, ஆனால் ஜாஸ் கேட்கிற வீடுகளிலெல்லாம் போய்ச் சேர்ந்தது. எல்லாரும் 'கேனிங் லோக்கல்' பற்றித்தான் பேசினார்கள். தலைவியே முன்னிற்காமல் பின்வாங்கிப் போகும் துணிச்சலான அமைப்பு என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். முடிவில்லாத நடுப்பகுதியை மனித வாழ்க்கையோடு ஒப்பிட்டு ஒரு பத்தி வேறு. படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. நோயல் அந்தப் பத்திரிகையை வெட்டித் தங்கையிடம் கொடுத்துவைத்தார்.

அவளுக்கு அதன் பிறகு பல இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டாயிரத்துக்கு அப்புறம் கடல் தாண்டிப் போனாள். இப்போதும் எங்கேயோ வாசித்துக்கொண்டிருக்கிறாள், தலைவியாகத்தான். அவள் அம்மாவிடம் விசாரித்தால், "எந்த ஊர்லயோ ஊதறா" என்பாள், இப்போது கொஞ்சம் பெருமையோடு. அதையெல்லாம் விவரமாக எழுத எனக்குத் தெரியாது. நான் அவளை முழுசாகப் பார்த்தது, கேசட் வந்த சில வாரங்களில் பாலிகஞ்ச்சில் ஒரு கிளப் ஹாலில் நடந்த நிகழ்ச்சியில்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி, வெளியே நல்ல மழை. ஹால் நிறைந்துவிட்டது. எல்லாரும் கேட்க வந்தது 'கேனிங் லோக்கல்'. கேசட்டில் கேட்டது மாதிரியே மேடையிலும் வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆகவே நான் பொறுப்பை எடுத்துக்கொண்டு, அந்தத் தப்புகளையெல்லாம் சுத்தமாக எண்ணி, பேண்டுக்குப் பாடமாக்கியிருந்தேன். ஒரே பல்லவி, உடனே நடுப்பகுதி, அதில் இத்தனை சுற்று, அப்புறம் வெளியே. கிடர்பூர் மாடியில் எல்லாரும் பத்து நாள் பழகினோம். நோயலும் கூடவே பழகினார். தப்பை இவ்வளவு ஒழுங்காக யாரும் செய்திருக்கமாட்டார்கள்.

மேடையில் பல்லவி முடிந்தது. நானும் ஷமீமும் பாடம் பண்ணியபடி நடுப்பகுதிக்குள் இறங்கினோம். அவளும்தான். நோயல் இறங்கவில்லை. அன்று அவருக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. ஜாதவ்பூர் பிளாட்பாரத்தில் அவள் மெட்டு போட்டபோது அந்தப் பாட்டு எப்படி இருந்ததோ, அதன்படி இரண்டாம் பல்லவியை அழகாக ஆரம்பித்துவிட்டார். நாங்கள் ஓர் அறையில், அவர் இன்னோர் அறையில். காது கூசியது. நான் அவரை முறைத்தேன். எண்ணிக்கை என் பக்கம் இருந்தது, கேசட் என் பக்கம், பத்து நாள் ஒத்திகை என் பக்கம். தந்தியை ஓங்கி ஓங்கி இழுத்தேன்.

அவள் டிரம்பெட்டிலிருந்து நடுப்பகுதியின் முதல் ஸ்வரம் வெளியே வந்துவிட்டது. இரண்டாவது ஸ்வரம் நோயலுடையதாக இருந்தது. நடுவில் ஒரு மூச்சுக்கூட இல்லை. ஹால் முழுக்க எதிர்பார்த்திருந்ததை, கேசட்டுக்கே உயிரான அந்த இடத்தை, அப்படியே விட்டுவிட்டு, தனியாக நின்ற ஒருவரிடம் போய்விட்டாள். அவர் சரியா தப்பா என்று அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. ஷமீம் புத்திசாலி, உடனே திரும்பிவிட்டான். மேடையில் நான் ஒருவன் மட்டும் நடுப்பகுதிக்குள் பிடிவாதமாக மாட்டிக்கொண்டேன். வாசிக்க ஆரம்பித்த நாள் முதல் எனக்கு அப்படி நடந்ததில்லை. எங்கே திரும்புவது, எங்கே சேர்வது என்று தெரியவில்லை. முன்னால் அத்தனை முகங்கள்.

அப்போது அவள் என் பக்கம் நடந்து வந்தாள். நான் வாசித்துக்கொண்டிருந்த அந்த அபத்தத்தையே எடுத்து ஒரு தரம் வாசித்தாள், அதுவும் பாட்டில் இருக்கிற விஷயம்தான் என்பதுபோல. பிறகு அதிலிருந்தே பல்லவிக்கு ஒரு வழி போட்டாள். நான் அதன்மேல் காலை வைத்து வந்து சேர்ந்தேன். ஹாலில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். கேசட்டில் இருப்பதற்கும் மேலே என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

கூட்டம் கலைந்து, நான் டபுள் பேஸுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். நோயல் பியானோவை மூடிவிட்டு மெதுவாக என்னிடம் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"ரகு, நடுவுல இடம் விட்டுட்டே இல்லே?" என்றார்.

நான் உறையின் வாரை இழுத்துக் கட்டினேன்.

"பயமா இருக்கும், மேன். எனக்குத் தெரியும். இருட்டுல நிக்கிற மாதிரி இருக்கும்." என் தோளைத் தட்டினார். "கையை மட்டும் நிறுத்திடாதே. நீ இருக்கிற இடத்துலேயே வாசிச்சுக்கிட்டு இரு. அவ வருவா. எனக்கு ஒவ்வொரு தடவையும் வந்திருக்கா."